அச்சம் அகலும் வழி

நுழையும்முன்

அச்சம் மனிதருக்கு மட்டும் உரியதன்று. நம்மோடு வாழும் விலங்குகளும் அஞ்சுகின்றன. அஞ்சும் விலங்கை அடித்துத் திருத்த இயலுமா? அதன் அச்சம் எவ்வாறு தோன்றுகிறது? எவ்வாறு தணிகிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம். இதில் வரும் மாணவியும் அவள் குடும்பத்தினரும் மணி என்னும் நாயும் கற்பனைப் பாத்திரங்கள். அறிவியலாளர்களைப் பற்றிய செய்திகளும் பயிற்சி முறைகளும் உண்மையானவை.

1. மாயாபந்தரில் ஒரு நாய்

நடு அந்தமான் தீவின் வடகோடியில் கடலை ஒட்டி அமைந்த ஊர் மாயாபந்தர். வடக்கு மற்றும் நடு அந்தமான் மாவட்டத்தின் தலைமையிடம் இதுவே. தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி, கரேன் எனப் பல மொழி பேசுவோர் இங்கு அண்டை வீட்டாராக வாழ்கின்றனர். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் இவ்வூருக்கு மழை தருகின்றன. ஆகவே, ஆண்டின் பெரும்பகுதி குடையின்றி வெளியே செல்வது அரிது.

இவ்வூரில் எட்டாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி, படகுத்துறைக்கு அருகில், கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த பழைய படகின் அடியில் ஒரு நாயைக் கண்டாள். அதற்கு ஏறத்தாழ ஒரு வயது இருக்கும். பின்னங்காலில் ஆறிய தழும்பு ஒன்று இருந்தது. மூன்று நாள்கள் தொலைவில் நின்று உணவு வைத்தாள். நான்காம் நாள் அது அவளைப் பின்தொடர்ந்து வீட்டுக்கு வந்தது. அவளுடைய அப்பத்தா அதற்கு மணி என்று பெயரிட்டார்.

மணி வீட்டுக்குள் வந்ததும் கட்டிலின் அடியில் புகுந்துகொண்டது. துடைப்பத்தை எடுத்தால் நடுங்கியது. இடி இடித்தால் உண்ணாமல் கிடந்தது. எல்லாவற்றினும் மேலாக அது குடைக்கு அஞ்சியது. மடித்த குடையைக் கண்டால் பின்வாங்கும்; குடை விரியும் ஒலி கேட்டால் பாய்ந்து ஓடும். குடையால் அதனை யாரேனும் அடித்திருக்கலாம். அன்றி, அது முன்பு குடையையே அருகில் கண்டிராமலும் இருக்கலாம். எதுவாயினும், மழை ஓயாத ஊரில் குடைக்கு அஞ்சும் நாய் எவ்வாறு வாழும்?

ஒருநாள் பக்கத்து வீட்டுச் சிறுவன் விரித்த குடையுடன் வாயிலுக்குள் ஓடிவந்தான். மூலையில் நின்றிருந்த மணிக்கு ஓட வழியில்லை. அது உறுமியது, பின் பாய்ந்து குடைத்துணியைக் கவ்விக் கிழித்தது. சிறுவனுக்குக் காயமில்லை. எனினும் அன்று மாலை அப்பா கவலையோடு கூறினார்:

“இன்று கிழிந்தது துணி, அம்மா. நாளை அது ஒரு குழந்தையின் கையாக இருந்தால் என்ன செய்வோம்? இந்த மழைக்காலம் முடியும்வரை பார்ப்போம். அதன் பிறகும் இது மாறவில்லையென்றால் வேறு இடத்தில்தான் விட வேண்டும்.”

2. அடங்கியதா, அஞ்சியதா?

“இரண்டே நாளில் இதன் பயத்தைப் போக்கிக் காட்டுகிறேன்” என்றான் அவளுடைய அண்ணன். மணியைத் தூணில் கட்டினான். அதன் எதிரில் நின்று குடையை விரித்தான், மடக்கினான், மீண்டும் விரித்தான். முதலில் மணி கயிற்றை இழுத்துத் துள்ளியது, ஊளையிட்டது. சற்று நேரத்தில் துள்ளல் நின்றது. தரையோடு தரையாகப் படுத்து, அசையாமல் கிடந்தது.

“பார்த்தாயா? அடங்கிவிட்டது” என்றான் அண்ணன்.

அவள் மணியின் முன் மீன்துண்டு ஒன்றை வைத்தாள். மிகவும் விரும்பும் சூரை மீனை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாய் மூடியிருந்தது, உடல் விறைத்திருந்தது, கண்ணின் வெண்பகுதி பிறைபோலத் தெரிந்தது.

மறுநாள் காலையில் அண்ணன் வெறுங்கையுடன்தான் முற்றத்துக்கு வந்தான். அவனைக் கண்டதும் மணி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அன்று இரவு முழுவதும் மழை பெய்தது. அவளும் அப்பாவும் கைவிளக்குடன் தெருத்தெருவாகத் தேடினர். விடியற்காலையில், முன்பு கண்ட அதே படகின் அடியில் மணி சுருண்டு கிடந்தது.

நேற்றுவரை குடைக்கு மட்டும் அஞ்சிய நாய், இப்போது குடையைப் பிடித்தவனுக்கும் அஞ்சியது. அண்ணன் தீங்கு எண்ணவில்லை. ஆனால், ஓட வழியில்லாத நிலையில் அச்சப்பொருளை முன்னிறுத்தினால், விலங்கு அமைதி கற்பதில்லை. தப்ப முடியாது என்பதையே கற்கிறது. அதன் அசைவின்மையைப் பணிவு என்று நாம் தவறாக எண்ணிவிடுகிறோம்.

3. உடல் பேசும் மொழி

அடுத்த நாள் மணியைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். மருத்துவர் முதலில் அதன் காலையும் காதுகளையும் பற்களையும் ஆய்ந்தார். உடலில் வலி இருந்தால் விலங்கு எளிதில் வெருளும். எனவே நோயில்லை என்பதை உறுதிசெய்த பின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்றார். பிறகு அவர் கூறியவற்றை மாணவி தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

நாய் அஞ்சும்போது அதன் உடல் முன்னரே அறிவித்துவிடும். வால் கால்களுக்கிடையே ஒடுங்கும். காதுகள் பின்னோக்கிப் படியும். பசியில்லாதபோதும் உதட்டை நக்கும். தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும்; ஒரு முன்னங்காலைத் தூக்கி நிற்கும். இவை “எனக்கு இடம் கொடு” என்னும் வேண்டுகோள்கள். இவற்றை நாம் கவனியாமல் நெருங்கினால் அது உறுமும். உறுமலையும் பொருட்படுத்தாவிட்டால் கடிக்கும்.

“உறுமலுக்காக நாயை அடிக்கலாமா, ஐயா?” என்று கேட்டாள் அவள்.

“அடிக்கக் கூடாது, அம்மா. உறுமல் ஓர் எச்சரிக்கை. அடித்தால் எச்சரிக்கைதான் நிற்கும். அச்சம் அப்படியே இருக்கும். பிறகு அந்த நாய் எச்சரிக்காமலேயே கடிக்கப் பழகிவிடும்” என்றார் மருத்துவர்.

4. 1924ஆம் ஆண்டு தந்த இரு பாடங்கள்

அச்சம் எவ்வாறு பதிகிறது என்பதையும் எவ்வாறு நீங்குகிறது என்பதையும் உணர்த்தும் இரண்டு நிகழ்ச்சிகள் 1924ஆம் ஆண்டோடு தொடர்புடையவை. ஒன்று உருசிய நாட்டில் நிகழ்ந்தது. மற்றொன்று அமெரிக்காவில் வெளியானது.

உருசிய அறிவியலாளர் இவான் பாவ்லோவ், செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். உணவுக்கு முன் ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பொலியைக் கேட்ட நாய்க்கு, பின்னர் அவ்வொலியைக் கேட்ட அளவிலேயே உமிழ்நீர் சுரப்பதை அவர் ஆராய்ந்தார். ஒன்றையடுத்து ஒன்று வருமாயின் மூளை அவ்விரண்டையும் இணைத்துக்கொள்ளும் என்பது இதனால் விளங்கியது.

1924 செப்டம்பரில் நெவா ஆறு பெருக்கெடுத்து லெனின்கிராடு நகருக்குள் புகுந்தது. பாவ்லோவின் ஆய்வு நாய்கள் அடைபட்டிருந்த கூடங்களிலும் வெள்ளம் ஏறியது. உதவியாளர்கள் அவற்றை நீரில் நீந்தச் செய்து மீட்டனர். நாய்கள் உயிர் பிழைத்தன. ஆயினும், அவற்றுள் சில தாம் முன்பு கற்றிருந்தவற்றை வெளிப்படுத்த இயலாமல் குழம்பின. அவை தேறிய பின்னரும், அறைக்கதவின் அடியில் சிறிதளவு நீரைக் கசியவிட்டபோது பழைய கலக்கம் திரும்பியது. ஆனால், சோதனையாளர் வெளியே நில்லாமல் நாயின் அருகிலேயே இருந்தபோது அதன் இயல்பு நிலை மீண்டது. அறிமுகமான ஒருவர் அருகில் இருப்பதே அவ்விலங்குக்குத் துணையாயிற்று.

இதனைப் படித்துக் காட்டியபோது அப்பத்தா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், “2004இல் ஆழிப்பேரலை வந்து போன பிறகு, நிலம் இலேசாக அதிர்ந்தாலும் எனக்கு நெஞ்சு துடிக்கும். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால்தான் தூங்குவேன். அந்த நாய்களுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்?” என்றார்.

அதே 1924இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் ஓர் ஆய்வை வெளியிட்டார். பீட்டர் என்னும் சிறுவன் முயலுக்கு அஞ்சினான். ஜோன்ஸ் அவனுக்கு விருப்பமான உணவைக் கொடுத்து, அவன் உண்ணும்போது கூண்டிலிட்ட முயலைத் தொலைவில் வைத்தார். அவன் அமைதியாக உண்ணும் தொலைவு எதுவோ அங்கேயே தொடங்கி, நாள்தோறும் சிறிது சிறிதாக முயலை அருகே கொண்டுவந்தார். முடிவில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். தன் விரல்களை அது கொறிக்கவும் இடம் கொடுத்தான்.

உணவு கொடுக்கும் இம்முறையைத் தொடங்குவதற்கு முன் ஒரு தடையும் நேர்ந்தது. நோயுற்றிருந்த பீட்டர் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது பெரிய நாய் ஒன்று அவன்மீது பாய வந்தது. அதனால் அவனுடைய பழைய அச்சம் மீண்டும் மேலோங்கியது. ஜோன்ஸ் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அதன் பின்னரே உணவு கொடுத்து, முயலைத் தொலைவிலிருந்து நெருங்கச் செய்யும் முறையைத் தொடங்கினார்.

5. பதினைந்து அடி வைப்பில் ஒரு கோடு

மாணவி இம்முறையை மணிக்குப் பயன்படுத்த எண்ணினாள். குடையை எவ்வளவு தொலைவில் வைத்தால் மணி அதனைப் பார்த்த பிறகும் உணவு உண்கிறது என்று முதலில் ஆராய்ந்தாள். பத்து அடி வைப்பில் அது உண்ணவில்லை. பதினைந்து அடி வைப்பில் உண்டது. அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு வரைந்தாள். அதுவே மணியின் அச்ச எல்லை. எல்லைக்கு வெளியே நின்றால்தான் விலங்கின் மூளை புதியதைக் கற்கும். எல்லைக்குள் வந்துவிட்டால் தப்பி ஓடுவதையன்றி வேறொன்றையும் அது எண்ணாது.

பயிற்சியின் வரிசையில் அவள் கவனமாக இருந்தாள். முதலில் குடை தோன்ற வேண்டும். அதன் பின்னரே மீன் வர வேண்டும். குடை மறைந்ததும் மீனும் நின்றுவிட வேண்டும். மீனை முதலில் காட்டிப் பின்னர் குடையைக் காட்டினால், மீனைக் கண்டதுமே “இனிக் குடை வரும்” என்று நாய் அஞ்சத் தொடங்கும்.

சூரை மீனை உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்து, முள் நீக்கி, பட்டாணி அளவுக்குப் பிட்டு வைத்துக்கொண்டாள். ஒருமுறைக்கு ஐந்து நிமிடங்கள். ஒரு நாளைக்கு இருமுறை. அதற்கு மேல் பயிற்சி இல்லை. மணியைக் கட்டி வைக்கவும் இல்லை. முற்றத்தின் வாயிலை மட்டும் அடைத்தாள். விலகிச் செல்ல விரும்பினால் அது வீட்டுக்குள் செல்லலாம்.

அவளுடைய குறிப்பேட்டில் படிகள் இவ்வாறு அமைந்திருந்தன:

1. மடித்த குடை, சுவரில் சாய்ந்தபடி, பதினைந்து அடி வைப்பில்.
2. அதே குடை, பன்னிரண்டு, பத்து, எட்டு எனக் குறையும் தொலைவுகளில்.
3. மடித்த குடை அப்பத்தாவின் கையில். தொலைவு மீண்டும் பதினைந்து.
4. பாதி விரித்த குடை தரையில். தொலைவு மீண்டும் பதினைந்து.
5. முழுதும் விரித்த குடை தரையில்.
6. சுவருக்கு அப்பால் குடை விரியும் ஒலி மட்டும்.
7. குடை பிடித்து மெல்ல நடக்கும் மனிதர்.

ஒரு படியைக் கடினமாக்கும் ஒவ்வொரு முறையும் தொலைவை அவள் கூட்டினாள். அசைவு, ஒலி, அளவு, தொலைவு ஆகியவற்றுள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றினாள். மணி மீனை வாங்க மறுத்தால், “இன்று நான் விரைந்துவிட்டேன்” என்று எழுதிவிட்டு முந்தைய படிக்குத் திரும்பினாள். “மணி தவறு செய்தது” என்று ஒருநாளும் எழுதவில்லை.

இரண்டாம் வாரத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. அப்பத்தா குடையைச் சுவரில் சாய்த்ததும் மணி அதனைப் பார்த்தது. உடனே திரும்பி மாணவியின் முகத்தைப் பார்த்தது. குடை தோன்றினால் மீன் வரும் என்பதை அது கற்றுக்கொண்டது.

6. அண்ணன் கற்ற பாடம்

குடையின் அச்சம் குறைந்தாலும் அண்ணனைக் கண்டு மணி அஞ்சுவது குறையவில்லை. தன் செயலால் நேர்ந்ததை எண்ணி அவன் வருந்தினான்.

“நான் என்ன செய்ய வேண்டும், தங்கச்சி?”

“ஒன்றும் செய்யாதே, அண்ணா. திண்ணையில் பக்கவாட்டில் உட்கார்ந்து புத்தகம் படி. அதைப் பார்க்காதே, கூப்பிடாதே, கையை நீட்டாதே. அவ்வப்போது ஒரு மீன்துண்டை அதற்குப் பின்னால் விழும்படி எறி.”

“பின்னால் எதற்கு? என் பக்கம் எறிந்தால்தானே நெருங்கி வரும்?”

“மீனுக்கு ஆசைப்பட்டு நெருங்கிவிட்டு, பிறகு உன்னைப் பார்த்து மிரண்டால் என்ன செய்வாய்? பின்னால் விழுந்தால் அது விலகிச் சென்று நிம்மதியாக உண்ணும். வருவதா வேண்டாமா என்பதை அதுவே முடிவு செய்யட்டும்.”

அண்ணன் எட்டு நாள்கள் அவ்வாறே அமர்ந்திருந்தான். ஒன்பதாம் நாள் மணி அவனுடைய முதுகுப்புறமாக வந்து சட்டையை முகர்ந்தது. அவன் திரும்பவில்லை. பத்தாம் நாள் அவனுடைய விரித்த உள்ளங்கையில் மூக்கால் தொட்டது. “அதைக் கட்டி வைத்து நான் செலவிட்டது அரை மணி நேரம். அதைச் சரிசெய்யப் பத்து நாள் ஆகியிருக்கிறது” என்றான் அவன்.

பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கும் சில விதிகள் கற்பிக்கப்பட்டன. நாயின் அருகில் ஓடக் கூடாது. அதன் தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுசெல்லக் கூடாது. அது உண்ணும்போதும் உறங்கும்போதும் தொடக் கூடாது. பெரியவர் உடனில்லாமல் நெருங்கக் கூடாது. நாயைப் பழக்குவதைப் போலவே, நாயோடு வாழும் மனிதரைப் பழக்குவதும் இன்றியமையாதது.

7. மீண்டும் வந்த அச்சம்

ஐந்தாம் வாரத்தில் பலத்த காற்று வீசியது. முற்றத்தில் விரித்து வைத்திருந்த குடை உருண்டு வந்து மணியின் முதுகில் மோதியது. மணி அலறிக்கொண்டு கட்டிலின் அடியில் ஒளிந்தது. அன்று மாலை மடித்த குடையைக் கண்டபோதும் நடுங்கியது.

மாணவியின் கண்கள் கலங்கின. “எல்லாம் வீணாகிவிட்டது, அப்பத்தா.”

“அந்தப் பீட்டருக்கும் இப்படித்தான் ஆயிற்று என்று நீதானே படித்தாய்? அந்த அம்மாள் விட்டுவிட்டாரா?”

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு சுண்ணாம்பை எடுத்தாள். இம்முறை கோடு பதினெட்டு அடி வைப்பில் விழுந்தது. ஆனால், முதன்முறை மூன்று வாரங்கள் பிடித்த படிகளை மணி இப்போது எட்டு நாள்களில் கடந்தது. ஒருமுறை அமைதியாகக் கற்றது முற்றிலும் அழிந்துவிடுவதில்லை.

இடியைக் குடையைப் போல் தொலைவில் வைக்க முடியாது. அது எப்போது வரும் என்பதும் நம் கையில் இல்லை. எனவே, மழையில்லாத நாள்களில் கைபேசியில் பதிவுசெய்த இடியொலியை மிக மெல்ல ஒலிக்கச் செய்து மீன் கொடுத்தாள். உண்மையான இடி இடித்தபோது சன்னல்களை அடைத்து, கட்டிலின் அடியில் பழைய போர்வையை விரித்து, அருகில் அமர்ந்துகொண்டாள். அஞ்சும் நாய்க்கு ஆறுதல் அளித்தால் அச்சம் வளரும் எனச் சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. அச்சம் ஓர் உணர்வு; ஆறுதல் அதனை வளர்ப்பதில்லை. எனினும், சில நாய்களுக்குப் பயிற்சி மட்டும் போதாது. உண்ணாமல், உறங்காமல், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்கு அஞ்சும் நாய்க்குக் கால்நடை மருத்துவர் மருந்தும் அளிப்பார்.

8. மழை மாலை

மழைக்காலத்தின் இறுதியில் ஒரு மாலைப் பொழுது. அப்பா பணி முடிந்து குடை பிடித்து வந்தார். வாயிலில் நின்றிருந்த மணி குடையைக் கண்டது. இரண்டடி பின்வாங்கியது. அதன் பின்னால் கதவு திறந்திருந்தது. விரும்பினால் உள்ளே ஓடியிருக்கலாம். அது ஓடவில்லை. மாணவியின் முகத்தைப் பார்த்தது. பிறகு மெல்ல நடந்து வந்து, அப்பாவின் கையை முகர்ந்தது.

அப்பா குடையை மெதுவாக மடக்கித் தரையில் வைத்தார். திண்ணையில் பக்கவாட்டில் அமர்ந்தார். சட்டை நனைந்துகொண்டிருந்ததையும் அவர் பொருட்படுத்தவில்லை.

“மீன் மிச்சம் இருக்கிறதா, அம்மா?” என்று கேட்டார்.

மணியை வேறு இடத்தில் விடுவது பற்றி அதன் பின் அவ்வீட்டில் எவரும் பேசவில்லை. இடி இடிக்கும் இரவுகளில் மணி இன்றும் கட்டிலின் அடியில்தான் படுக்கிறது. ஆனால், அங்கு அது தனித்திருப்பதில்லை.

அறிந்துகொள்வோம்

* திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. அதில் வீரனுடன் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டு, கோவிவன் என்னும் அந்நாயின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.
* 1858இல் ஆங்கிலேயர் குடியிருப்பு அமைத்த பின்னரே அந்தமானுக்கு நாய்கள் வந்தன. அதன் பிறகு அந்தமானியப் பழங்குடியினர் காட்டுப்பன்றி வேட்டைக்கு அவற்றைப் பயன்படுத்தினர்.
* விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. இதற்காகப் பாடுபட்டவர் நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல். இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.
* நாய் கடித்தாலோ கீறினாலோ, காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். உடனே பெரியவரிடம் கூறி மருத்துவரை அணுக வேண்டும். வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும்.

சொல்லும் பொருளும்

வெருளுதல் – அஞ்சி மிரளுதல்
அடி வைப்பு – ஒரு முறை காலடி எடுத்து வைக்கும் தொலைவு
ஆழிப்பேரலை – கடலில் எழும் பேரலை, சுனாமி
நடுகல் – இறந்த வீரரின் நினைவாக நடப்படும் கல்
கடிந்துகொள்ளுதல் – கண்டித்துப் பேசுதல்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

இலக்கணக் குறிப்பு

விரித்த குடை – பெயரெச்சம்
அஞ்சி ஓடியது – வினையெச்சம்
காலையும் காதுகளையும் பற்களையும் – எண்ணும்மை
அஞ்சாமை – எதிர்மறைத் தொழிற்பெயர்

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. மணி எல்லாவற்றினும் மேலாக அஞ்சிய பொருள்
 (அ) துடைப்பம் (ஆ) குடை (இ) படகு (ஈ) கயிறு
2. மேரி கவர் ஜோன்ஸ் ஆய்ந்த சிறுவன் அஞ்சிய விலங்கு
 (அ) பூனை (ஆ) குதிரை (இ) முயல் (ஈ) ஆடு
3. ‘பருவக்காற்று’ என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது
 (அ) பருவக் + காற்று (ஆ) பருவம் + காற்று (இ) பரு + காற்று (ஈ) பருவ + ஆற்று
4. படகு + துறை என்பதைச் சேர்த்து எழுதக் கிடைப்பது
 (அ) படகுதுறை (ஆ) படகத்துறை (இ) படகுத்துறை (ஈ) படத்துறை

ஆ. பொருத்துக.

1. உறுமல் – (அ) 1904
2. பாவ்லோவ் நோபல் பரிசு பெற்ற ஆண்டு – (ஆ) எடுத்தனூர்
3. கோவிவன் – (இ) லெனின்கிராடு
4. நெவா ஆற்று வெள்ளம் – (ஈ) எச்சரிக்கை

இ. குறுவினா

1. நாய் அஞ்சுவதை உணர்த்தும் மூன்று உடற்குறிப்புகளை எழுதுக.
2. ‘அச்ச எல்லை’ என்பது யாது?
3. குடை தோன்றிய பின்னரே மீன் வர வேண்டும் என மாணவி கருதியது ஏன்?

ஈ. சிறுவினா

1. தூணில் கட்டப்பட்ட மணி அசையாமல் கிடந்ததை அண்ணன் எவ்வாறு புரிந்துகொண்டான்? அது ஏன் தவறு?
2. லெனின்கிராடு நாய்களின் நிலையையும் அப்பத்தாவின் அனுபவத்தையும் ஒப்பிடுக.
3. “மணி தவறு செய்தது” என்று மாணவி ஒருநாளும் எழுதாததிலிருந்து அவளுடைய பண்பைப் பற்றி நீ அறிவது என்ன?

உ. நெடுவினா

மணியின் அச்சத்தைத் தணிக்க மேற்கொள்ளப்பட்ட படிகளைத் தொகுத்து எழுதுக. அவற்றுள் நீ மிகவும் இன்றியமையாததாகக் கருதுவது எது? காரணம் கூறுக.

ஊ. கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் உள்ள ஒரு நாயைத் தொலைவில் நின்று ஐந்து நிமிடங்கள் கவனித்து, அதன் வால், காது, கண் ஆகியவற்றின் நிலையைக் குறித்து வருக. நெருங்கவோ தொடவோ வேண்டா.
2. மேடையில் பேசுதல், நீந்துதல், இருளில் நடத்தல் ஆகியவற்றுள் நீ அஞ்சும் ஒன்றைத் தேர்ந்தெடு. மிக எளிய படியிலிருந்து தொடங்கி ஏழு படிகளை வரிசைப்படுத்தி எழுது.
3. அப்பாவின் முடிவு சரியா என்பது குறித்து இரு குழுக்களாகப் பிரிந்து உரையாடுக. சிறுவனின் பாதுகாப்பையும் மணியின் வாழ்வையும் இரு குழுவினரும் கருத்திற்கொள்க.